ஆர்க்யூ, குவாரல், ஃபைட்: எந்தச் சண்டைக்கு எந்தச் சொல்?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எனக்குக் கிடைத்த முதல் வேலை. சேர்ந்த ஏழாவது மாதம் ஒரு விளக்கக் கடிதம் எழுத நேர்ந்தது. ஷிப்ட் முடிகிற நேரத்தில் லேத்தில் ஒரு ஜாப் பாதியில் நின்றது. அடுத்த ஷிப்டில் வருபவர் முடிக்கட்டும் என்றேன் நான். நீயே முடித்துவிட்டுப் போ என்றார் சூப்பர்வைசர். பத்து நிமிடம் பேச்சு தடித்தது, அவ்வளவுதான். மறுநாள் ஆபீஸில் ஒரு வெள்ளைத்தாளைக் கொடுத்து நடந்ததை இங்கிலீஷில் எழுதச் சொன்னார்கள். "ஐ ஃபாட் வித் தி சூப்பர்வைசர்" என்று முதல் வரியைத் தொடங்கினேன். சண்டை போட்டேன் என்பதற்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அது ஒன்றுதான்.

மேனேஜர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்கப்பா அடிச்ச?"

"அடிக்கல சார். பேசினேன்."

"பேசினதுக்கா ஃபாட்டுன்னு எழுதியிருக்க? இது ஃபைலுக்குப் போனா உன் வேலை போயிடும். வேற தாள் வாங்கிக்கோ."

அவர் நல்ல மனிதர், வேறு தாள் கொடுத்தார். எல்லோருக்கும் அந்த இரண்டாவது தாள் கிடைக்காது. திருமுல்லைவாயிலில் ஷேர் ஆட்டோ பிடித்து அம்பத்தூர் ஓ.டி.க்கோ ஆவடிக்கோ வேலைக்குப் போகிறவர், இங்குள்ள சிட்கோ மகளிர் தொழிற்பேட்டையில் சொந்தமாக யூனிட் நடத்துகிறவர், வெளிமாநில வாடிக்கையாளரோடு போனில் மல்லுக்கட்டுகிறவர் ஆகியோருக்காகத்தான் இந்த அத்தியாயம். இலக்கணப் புத்தகம் எதுவும் வேண்டாம். சமையலறை அடுப்பும், பள்ளியில் படித்த வேற்றுமை உருபும் நினைவில் இருந்தால் போதும்.

முதலில் அடுப்பைப் பாருங்கள்

தமிழில் "சண்டை" என்ற ஒரே சொல்லை வைத்து நாம் எல்லாவற்றையும் ஓட்டிவிடுகிறோம். கணவன் மனைவி பேசாமல் இருந்தாலும் சண்டை, ஊர் இரண்டுபட்டு அரிவாள் எடுத்தாலும் சண்டை. இங்கிலீஷில் அது நடக்காது, சூட்டுக்கு ஏற்பச் சொல் மாறும். எனவே வாயைத் திறப்பதற்கு முன் நடந்தது எந்தச் சூடு என்று தீர்மானியுங்கள்.

1. சிம். குரல் உயரவில்லை, கருத்து மட்டும் வேறு. இதற்கு "டிஸ்கஸ்", "டிஸக்ரீ", "டிபேட்". மேடை, மன்றம், சட்டசபை என்று முறை வைத்துப் பேசினால் "டிபேட்". நம் பட்டிமன்றம் இதில் சேரும். உச்சரிக்கும்போது அழுத்தம் பின்பாதியில், "பேட்" மேல் விழ வேண்டும்.

2. மீடியம். குரல் கொஞ்சம் ஏறியிருக்கிறது, அல்லது ஒருவர் காரணங்களை அடுக்கி நிலைநாட்டப் பார்க்கிறார். இதற்கு "ஆர்க்யூ". இந்தச் சொல்லுக்கு இரண்டு முகம் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

3. ஃபுல். கோபம் வந்துவிட்டது, விஷயத்தை விட்டு ஆளைப் பேசத் தொடங்கிவிட்டார்கள். இதற்கு "குவாரல்". பிரிட்டிஷ்காரர்கள் "ரௌ" என்பார்கள். வரிசை என்ற பொருளில் வரும் "ரோ"வுக்கும் இதற்கும் எழுத்து ஒன்றுதான், ஒலி வேறு. பசுவைக் குறிக்கும் "கௌ" போல இதைச் சொல்ல வேண்டும். பொது இடத்தில் சத்தமாக நடந்தால் "ஆல்டர்கேஷன்", ஆனால் அது போலீஸ் செய்திக்குரிய சொல். வீட்டில் யாரும் அப்படிப் பேசுவதில்லை.

4. பொங்கி வழிந்தது. கை நீண்டுவிட்டது. இதற்குத்தான் "ஃபைட்". பல பேர் கும்பலாக அடித்துக்கொண்டால் "ப்ரால்".

இங்கிலீஷ்காரர்களும் வீட்டுப் பேச்சில் கணவன் மனைவி வாய்ச்சண்டையை "ஃபைட்" என்று சொல்வது உண்டு. ஆனால் ஆபீஸ் தாளிலும் முன்பின் தெரியாதவர் முன்பும் அது அடிதடியாகத்தான் கேட்கும். சந்தேகமாக இருந்தால் ஒரு படி கீழே உள்ள சொல்லை எடுங்கள். சூடு போதவில்லை என்றால் "எ ஹீட்டட் ஆர்க்யூமென்ட்" என்று ஏற்றிக்கொள்ளலாம். "ஃபைட்" என்று சொல்லிவிட்டால் பிறகு இறக்க முடியாது.

அடுப்புக் கணக்கில் சேராத சில சில்லறைச் சொற்கள் உண்டு. அவற்றுக்குத் தமிழிலேயே அச்சு அசலான சோடிகள் இருக்கின்றன. காதலரிடையே, புதுத் தம்பதியிடையே வரும் ஊடல் "டிஃப்". டிவி ரிமோட்டுக்கு அண்ணன் தம்பி நாள் முழுக்கச் சீண்டிக்கொண்டே இருந்தால் "பிக்கர்". அற்ப விஷயத்துக்குக் கொஞ்ச நேரம் கச்சைகட்டினால் "ஸ்க்வாபிள்". தலைமுறை தாண்டி வரும் பங்காளிச் சண்டை "ஃப்யூட்". ஆட்டோக்காரரோடு பேரம் பேசுவது சண்டையே அல்ல, "ஹேகிள்". விதண்டாவாதத்துக்கு நேர்ச்சொல் தேடி அலையாதீர்கள். சொன்னதன் சாரத்தை விட்டுவிட்டு ஓரத்தைப் பிடித்துத் தொங்குவதை "குவிபிள்" என்றால் பெரும்பாலும் சரியாக இருக்கும். சின்னப் பிள்ளைகள் டூ விடுகிறார்களே, அது "ஃபால் அவுட்". பழம் விட்டால் "மேக் அப்". முகப்பூச்சு மேக்கப் இல்லை, வினைச்சொல். "தே ஃபெல் அவுட் ஓவர் மணி, பட் மேட் அப் பை பொங்கல்." பணத்தில் மனஸ்தாபம், பொங்கலுக்குள் சேர்ந்துவிட்டார்கள்.

ஆர்க்யூவுக்கு இரண்டு முகம்

"ஆர்க்யூ பண்ணாதே" என்று தமிழில் அதட்டிப் பழகியதால் இந்தச் சொல்லையே நாம் கெட்ட சொல்லாக்கிவிட்டோம். லத்தீனில் இதன் மூலச்சொல்லுக்குத் தெளிவாக்குதல், நிறுவுதல் என்று பொருள். அந்த நல்ல முகம் இன்றும் உயிரோடு இருக்கிறது. கேசவானந்த பாரதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1972 அக்டோபர் 31 முதல் 1973 மார்ச் 23 வரை, 68 நாட்கள் ஆர்க்யூமென்ட்ஸ் கேட்டது. கேரளத்து மடாதிபதிக்காக நானி பல்கிவாலாவும், எதிர்த்தரப்பான கேரள அரசுக்காக எச்.எம். சீர்வையும் வாதாடினார்கள். அங்கே யாரும் சண்டை போடவில்லை. ஒருவர் "ஆர்க்யூட் ஃபார்", மற்றவர் "ஆர்க்யூட் அகெய்ன்ஸ்ட்". கேட்டவர்கள் 13 நீதிபதிகள், தீர்ப்பு 7-க்கு 6.

இரண்டு முகத்தையும் பிரித்துக் காட்டுவது பின்னால் வரும் சொல்தான். "ஆர்க்யூ"வுக்குப் பின் "தட்" வந்தால் காரணம் காட்டுதல். "ஷி ஆர்க்யூட் தட் தி ரேட் வாஸ் டூ லோ." ரேட் கட்டாது என்று வாதிட்டார், நல்ல யூனிட்காரர். பின்னால் "வித்" வந்தால் வாக்குவாதம். "ஷி ஆர்க்யூட் வித் தி பையர்." வாங்க வந்தவரோடு வாய் வளர்த்தார். பெண்மணியும் ஒருவரே, பேச்சும் ஒன்றே. நீங்கள் எதைச் சொல்கிறீர்களோ அப்படித்தான் கேட்பவருக்குத் தெரிவார்.

"ஆர்க்யூமென்டேட்டிவ்" என்றால் எதற்கெடுத்தாலும் எதிர்ப்பேச்சு பேசுகிறவர். அமர்த்தியா சென் 2005-இல் தன் நூலுக்கு "தி ஆர்க்யூமென்டேட்டிவ் இந்தியன்" என்று பெயரிட்டுப் பெருமைப்படுத்தினார், அது அவர் கைவண்ணம். வேலை நேர்காணலில் "ஐ ஆம் ஆர்க்யூமென்டேட்டிவ்" என்று நீங்கள் சொன்னால் அந்தப் பெருமை கிடைக்காது.

எழுத்துப் பிழை ஒன்று. "ஆர்க்யூ" என்று எழுதும்போது கடைசியில் இருக்கும் இ, "ஆர்க்யூமென்ட்" என்று எழுதும்போது உதிர்ந்துவிடும். பத்துக்கு ஐந்து பேர் அதைச் சேர்த்தே எழுதுகிறார்கள். கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிற பிள்ளைகள் ஃபங்ஷனுக்குள் அனுப்புவதும் "ஆர்க்யூமென்ட்"தான். அதில் சூடே கிடையாது.

உருபைப் பிடித்தால் இங்கிலீஷ் வரும்

"டிஸ்கஸ் அபௌட்" என்று எழுதாத ஆளை, இப்போது நான் நடத்தும் மாலை இங்கிலீஷ் வகுப்பில் இதுவரை பார்த்ததில்லை. "பற்றி" இருக்கிறதே, அதனால் "அபௌட்" என்கிறார்கள். தமிழைக் குறை சொல்ல வேண்டாம், தமிழைச் சரியாகக் கேட்கவில்லை என்பதே குறை. "சம்பளத்தைப் பற்றிப் பேசினோம்" என்போம், "சம்பளத்தை விவாதித்தோம்" என்போம். பேசுவதற்குத்தான் "பற்றி" வேண்டும். விவாதிப்பதற்கு "ஐ" போதும். இங்கிலீஷும் இதே கணக்குதான்: "டாக் அபௌட் தி ஸாலரி", "டிஸ்கஸ் தி ஸாலரி".

இந்த வரிசையில் செய்து பாருங்கள்:

1. சொல்ல வந்ததைச் சுத்தமான தமிழில் ஒரு வாக்கியமாக மனசுக்குள் சொல்லுங்கள். "டிஸ்கஸ் பண்ணோம்" என்று கலந்து சொன்னால் உருபு தெரியாது.

2. வினைக்கு முன்னால் நிற்கும் உருபைப் பாருங்கள்.

3. ஐ என்றால் நடுவில் எந்தச் சொல்லும் வேண்டாம். திட்டத்தை எதிர்த்தோம்: "வீ ஆப்போஸ்ட் தி ப்ளான்". குற்றச்சாட்டை மறுத்தேன்: "ஐ டினைட் தி சார்ஜ்". அபராதத்தை எதிர்த்து நின்றேன்: "ஐ கன்டெஸ்டட் தி ஃபைன்".

4. ஓடு என்றால் "வித்". அவரோடு வாதிட்டேன், அவளோடு சண்டை போட்டேன், உங்களோடு உடன்படவில்லை: "ஆர்க்யூ வித்", "குவாரல் வித்", "டிஸக்ரீ வித்".

5. கு என்றால் "டு". அதற்கு ஆட்சேபித்தேன்: "ஐ ஆப்ஜெக்டட் டு இட்". அந்த நிபந்தனைக்கு ஒப்புக்கொண்டேன்: "ஐ அக்ரீட் டு தட் கண்டிஷன்".

6. பற்றி, விஷயத்தில், தொடர்பாக என்றால் "அபௌட்" அல்லது "ஓவர்". கிடைக்க வேண்டிய பொருளுக்காக, பணத்துக்காக, இடத்துக்காக மோதினால் "ஓவர்" எடுப்பு: "தே குவாரல்ட் ஓவர் வாட்டர்".

இந்த வழி எல்லா இடத்துக்கும் வராது. சறுக்கும் மூன்று இடங்களைச் சொல்லிவிடுகிறேன். "எனக்குப் பதில் சொல்" என்பதில் "கு" இருக்கிறது, ஆனால் "ஆன்ஸர் மீ"தான், "ஆன்ஸர் டு மீ" என்றால் எனக்குக் கீழே வேலை பார்ப்பவர் என்று பொருள் மாறும். "அவரிடம்" என்பது ஏமாற்றும்: "அவரிடம் புகார் செய்தேன்" என்பதற்கு "டு", "வித்" அல்ல. மூன்றாவது, "ஆப்ஜெக்ட் டு" வந்தால் அடுத்த வினை "இங்" போட்டுக்கொண்டுதான் வரும்: "ஐ ஆப்ஜெக்ட் டு வொர்க்கிங் ஆன் சண்டேஸ்". இதை மட்டும் மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி தெரியவில்லை.

பேப்பர் கற்றுக்கொடுத்த தப்புகள்

இங்கிலீஷ் பேப்பர் படித்தால் இங்கிலீஷ் வரும் என்று சொல்லி வளர்த்தார்கள். வரும், கூடவே இவையும் வரும்:

- "பிக்ட் அப் எ குவாரல்." நம்மூர்ச் செய்திகளில் தினமும் பார்க்கலாம். "பிக் அப்" என்றால் தரையில் கிடப்பதை எடுப்பது, ஸ்டேஷனில் இருந்து ஆளைக் கூட்டி வருவது. வம்புக்கு இழுத்தான் என்பதற்கு "அப்" இல்லாமல் "ஹி பிக்ட் எ குவாரல் வித் மீ".

- "வேர்டி குவாரல்", "வேர்டி டூயல்." வாய்த்தகராறு என்று நினைத்து எழுதுகிறார்கள். "வேர்டி" என்றால் வளவள என்று நீட்டி முழக்குவது. "வெர்பல்" என்றால் சரி.

- "ஹி அப்யூஸ்ட் மீ." நம்மூரில் கெட்ட வார்த்தையில் திட்டினான் என்று பொருள். வெளிநாட்டுக்காரர் காதில் இது துன்புறுத்தல், சில நேரம் பாலியல் கொடுமை என்றுகூட விழும். "ஹி ஸ்வோர் அட் மீ", இல்லையென்றால் "ஹி யூஸ்ட் அப்யூசிவ் லாங்வேஜ்".

- "மை மேனேஜர் ஸ்கோல்டட் மீ." அப்பா மகனைக் கண்டிப்பதற்கான சொல் இது. நாற்பது வயதுக்காரர் சொன்னால் கேட்பவருக்குச் சிரிப்பு வரும். "ஷௌட்டட் அட் மீ" போதும்.

- "பேக் ஆன்ஸர்." எதிர்த்துப் பேசினான் என்பதற்கு நாம் உருவாக்கியது. இங்கே எல்லோருக்கும் புரியும், வெளியே புரியாது. "டாக்ட் பேக்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

- "ஐ ஹாவ் எ டவுட்." இது சண்டைச் சொல்லே அல்ல, ஆனால் சண்டையை மூட்டும். வகுப்பில் சந்தேகம் கேட்பதற்கு நாம் சொல்வது. வெளிநாட்டு வாடிக்கையாளரிடம் சொன்னால் "நீ சொல்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்று போய்ச் சேரும். "ஐ ஹாவ் எ கொஸ்சன்" என்று கேளுங்கள்.

டிஸ்ப்யூட்: ஃபைல் போட்ட சண்டை

இரண்டு தரப்பு, ஒரே பொருள் மீது இருவருக்கும் உரிமைக் கோரிக்கை, இன்னும் தீராத நிலை. இந்த மூன்றும் சேர்ந்தால் "டிஸ்ப்யூட்". கோபம் இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. பக்கத்து மனைக்காரர் தினமும் வணக்கம் சொல்வார், சுவர் எல்லை விஷயத்தில் பத்து வருடமாக டிஸ்ப்யூட் நடந்துகொண்டிருக்கும். நம் "தகராறு"க்கு இது நேர்ச்சொல். தகராறும் பாரசீகம், அரபி வழியாக வந்து கச்சேரி ஆவணங்களில் குடியேறிய சொல்தான். குடித்துவிட்டுத் தகராறு செய்வதற்கு மட்டும் இது பொருந்தாது.

சட்டப் பெயர்களில் இந்தச் சொல்லை நிறையப் பார்ப்பீர்கள். தொழிலாளர், முதலாளி இடையே 2025 வரை நடைமுறையில் இருந்த 1947-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயர் "இண்டஸ்ட்ரியல் டிஸ்ப்யூட்ஸ் ஆக்ட்". காவிரிக்கு 1990-இல் நடுவர் மன்றம் அமைக்க வழிசெய்தது 1956-இன் "இன்டர் ஸ்டேட் ரிவர் வாட்டர் டிஸ்ப்யூட்ஸ் ஆக்ட்". அந்த இடத்தில் "குவாரல்" என்று போட்டால் இரண்டு மாநிலமும் குழாயடியில் குடத்தோடு நிற்பது போல ஆகிவிடும்.

உங்கள் போனிலேயே இந்தச் சொல் இருக்கிறது. ஆன்லைனில் பணம் போய்ச் சேராமல் கணக்கில் கழிந்துவிட்டால் "ரெய்ஸ் எ டிஸ்ப்யூட்" என்று வரும். பயந்து விட்டுவிடாதீர்கள், யாரோடும் சண்டைக்குப் போகச் சொல்லவில்லை, "இந்தக் கணக்கை நான் ஏற்கவில்லை" என்று பதிவு செய்யச் சொல்கிறது. வினையாகவும் வரும், அப்போது "ஐ" கணக்கு: "ஐ டிஸ்ப்யூட் திஸ் பில்".

எழுத்தில் இறங்கும் முன்

வாயால் சொன்னதைத் திருத்திக்கொள்ளலாம். கையெழுத்துப் போட்ட தாளைத் திருத்த முடியாது. விளக்கக் கடிதம், ஷோ காஸ் நோட்டீஸுக்குப் பதில், போலீஸ் புகார் ஆகிய மூன்றுக்கும் இதே எச்சரிக்கை.

1. போலீஸ் புகார் என்றால் தமிழிலேயே எழுதுங்கள். தமிழ்நாட்டில் அதற்கு எந்தத் தடையும் இல்லை. கொடுத்ததற்கு சி.எஸ்.ஆர். ரசீது கேட்டு வாங்குங்கள். இங்கிலீஷ் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறதே என்று நினைக்காதீர்கள், அரைகுறை இங்கிலீஷில் எழுதிய புகார் எழுதியவரையே கடிக்கும்.

2. இங்கிலீஷில்தான் எழுத வேண்டும் என்றால், சண்டைக்குப் பெயர் வைக்காமல் நடந்ததை எழுதுங்கள். "தேர் வாஸ் எ ஃபைட்" வேண்டாம். யார், எத்தனை மணிக்கு, என்ன சொன்னார், நீங்கள் என்ன சொன்னீர்கள், அவ்வளவுதான்.

3. பொது இடத்தில் இரண்டு அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் அடித்துக்கொண்டு அமைதியைக் குலைத்தால் அதற்குச் சட்டத்தில் "அஃப்ரே" என்று தனிப் பெயர், தனித் தண்டனை. பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் இருக்கிறது. ரயில்வே பிளாட்பாரத்தில் நடந்த வாய்ச்சண்டையை "வீ ஹாட் எ ஃபைட்" என்று நீங்களே எழுதிக் கொடுத்தால், அந்த வலைக்குள் நீங்களே காலை விடுகிறீர்கள்.

4. "அஸால்ட்" என்ற சொல்லை உங்கள் வக்கீலிடம் விட்டுவிடுங்கள். பேப்பரில் அது அடித்தான் என்று வரும். சட்டத்தில் அடி விழ வேண்டியதே இல்லை, அடிக்கப் போகிறான் என்று அஞ்சும்படி கையை ஓங்கினாலே அஸால்ட். கையை ஓங்கினான் என்றால் "ரெய்ஸ்ட் ஹிஸ் ஹேண்ட்", அறைந்தான் என்றால் "ஸ்லாப்ட்".

5. "ரெஃப்யூட்" என்று எழுதும் முன் மூச்சு விடுங்கள். இதை மறுத்தேன் என்ற பொருளில் ஆபீஸ் முழுக்க எழுதுகிறார்கள். கறாரான வாசகருக்கு இதன் பொருள், ஆதாரம் காட்டிப் பொய் என்று நிறுவினேன். கையில் ஆதாரம் இல்லை என்றால் "டினை". ஆதாரம் இருந்தால் அதை இணைத்துவிட்டு "ரெஃப்யூட்".

என் இரண்டாவது தாளில் மேனேஜர் சொல்லச் சொல்ல எழுதியது இதுதான்: "ஐ ஆப்ஜெக்டட் டு ஸ்டேயிங் பேக் ஆஃப்டர் மை ஷிப்ட். அவர் வாய்ஸஸ் வேர் ரெய்ஸ்ட்." ஷிப்டுக்குப் பின் இருக்க ஆட்சேபித்தேன், இருவர் குரலும் உயர்ந்தது. இரண்டே வாக்கியம். "இருவர்" என்ற அந்தச் சொல்லுக்காகவே அவருக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்திருக்க வேண்டும்.

எதிராளி எதிரே இருக்கும்போது

பேச்சில் வேகம்தான் எதிரி. தமிழில் யோசித்து இங்கிலீஷில் சொல்வதற்குள் ரத்தம் சூடாகி, கைக்கு அகப்பட்ட முதல் வாக்கியம் "யூ ஆர் ராங்" என்று வெளியே வந்துவிடும். தமிழில் "நீங்க சொல்றது தப்பு சார்" என்பதில் ஒரு "சார்" நின்று தாங்கிக்கொள்கிறது, இங்கிலீஷில் அந்தத் தாங்கல் இல்லை. எனவே ஆளை விட்டுச் சொல்லைக் குறிவையுங்கள். "ஐ டோன்ட் திங்க் தட் ஃபிகர் இஸ் ரைட்." அந்தக் கணக்கு சரி இல்லை என்று நினைக்கிறேன். தவறு கணக்கினுடையது, மனிதருடையது அல்ல.

நேரம் வாங்க இரண்டு வாக்கியங்களை நாக்கில் வைத்துக்கொள்ளுங்கள். "ஐ ஸீ யுவர் பாயிண்ட்" என்றால் புரிகிறது என்று மட்டுமே பொருள், ஒப்புக்கொண்டதாக ஆகாது. "லெட் மீ செக் அண்ட் கம் பேக் டு யூ" என்றால் சரிபார்த்துச் சொல்கிறேன். "வித் ட்யூ ரெஸ்பெக்ட்" மட்டும் வேண்டாம். மரியாதையாகச் சொல்கிறோம் என்று நாம் நினைப்போம். இங்கிலீஷ்காரர் அதைக் கேட்டதுமே அடுத்து வசவு வருகிறது என்று நிமிர்ந்து உட்காருவார்.

பயிற்சி: ஓலையைக் கிழித்தவர் வழக்கு

வடதிருமுல்லைவாயில் மாசிலாமணீஸ்வரர் கோயிலுக்குப் போனவர்களுக்குச் சுந்தரர் தெரிந்திருப்பார். திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டுப் பார்வை இழந்து, அந்த நிலையில் இங்கே வந்து பதிகம் பாடினார். மன்றாடினார் என்பதற்கு இங்கிலீஷில் "ப்ளீட்", "ஹி ப்ளீடட் வித் காட்". வக்கீல் நீதிமன்றத்தில் செய்வதும் "ப்ளீட்"தான். சுந்தரருக்கு இரண்டு அர்த்தமும் பொருந்தும். ஏனென்றால் அவர் வாழ்க்கை தொடங்கியதே ஒரு வழக்கில்.

பெரிய புராணக் கதையைப் படிப்படியாக எழுதிப் பாருங்கள். முதலில் நீங்களே முயன்றுவிட்டு, பிறகு நான் தரும் சொல்லைப் பாருங்கள்.

1. புத்தூரில் கல்யாணப் பந்தல். கிழவர் ஒருவர் வந்து, இந்த மாப்பிள்ளை எனக்கு அடிமை என்கிறார். இங்கே வேண்டிய சொல் "க்ளெய்ம்". நம்மூரில் இன்சூரன்ஸுக்கு மட்டும் பயன்படுத்துகிறோம். "ஹி க்ளெய்ம்ட் தட்..." என்றால் சொல்கிறார், உண்மையா என்று இன்னும் தெரியாது.

2. சுந்தரர் சிரித்து, பித்தனா நீ என்று கேட்கிறார். மறுத்தார், "டினைட் இட்". ஆதாரம் காட்டவில்லை, எனவே "ரெஃப்யூட்" வராது.

3. பேச்சு முற்றுகிறது. "தே குவாரல்ட்". விஷயத்தை விட்டு ஆளைப் பேசியாகிவிட்டது, அடுப்பு ஃபுல்லில் இருக்கிறது.

4. துரத்திப் போய் ஓலையைப் பிடுங்கிக் கிழிக்கிறார். இங்கே என் மாணவர்கள் எல்லோரும் "ஃபைட்" என்று எழுதுவார்கள். வேண்டாம். "ஸ்நாட்ச்ட் தி டாக்யுமென்ட் அண்ட் டோர் இட் அப்." நடந்ததை எழுதினால் போதும் என்று மேலே சொன்னேனே, அது இதுதான்.

5. வழக்கு திருவெண்ணெய்நல்லூர் சபைக்குப் போகிறது. இப்போது அது "டிஸ்ப்யூட்".

6. கிழித்தது படி ஓலை, மூல ஓலை என்னிடம் இருக்கிறது என்று கிழவர் எடுத்துக் காட்டுகிறார். "ப்ரொட்யூஸ்ட் தி ஒரிஜினல்". தயாரித்தார் என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள், சபை முன் எடுத்து வைத்தார். ஜெராக்ஸை மட்டும் வெளியே கொடுத்து ஒரிஜினலைப் பீரோவில் வைப்பது அப்போதே இருந்திருக்கிறது.

7. பாட்டனார் கையெழுத்தைப் பழைய ஓலைகளோடு ஒப்பிட்டுப் பார்த்த சபை, கிழவர் பக்கம் தீர்ப்புச் சொல்கிறது. "ரூல்ட் இன் ஹிஸ் ஃபேவர்". சுந்தரர் ஒப்புக்கொள்கிறார். "அக்ரீட்" என்று எழுதியிருந்தால் அழித்துவிடுங்கள். மனசு வந்து ஒப்புவது "அக்ரீ". வாதத்தில் தோற்று, வேறு வழியில்லாமல் ஒப்புவது "கன்ஸீட்".

8. உம் வீடு எங்கே என்று கேட்க, கிழவர் கோயிலுக்குள் நுழைந்து மறைகிறார். வன்மையாகப் பேசியதால் உனக்கு வன்தொண்டன் என்று பெயர் என்று இறைவன் சொல்கிறார். வன்தொண்டனை எப்படி இங்கிலீஷாக்குவது? "ஆர்க்யூமென்டேட்டிவ் டிவோட்டி" என்று என் மாணவி ஒருத்தி எழுதினாள். நான் அதற்கு மதிப்பெண் போட்டேன்.